பாதுகாப்பா, ஆராய்ச்சியா, பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதா? விலங்கியல் மாணவி ஒருவருக்கு என் பதில்

கேள்வி இது: "அக்கா, திண்டிவனத்தில் பி.எஸ்சி. விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். காட்டுயிர்ப் பாதுகாப்பில் வேலை செய்ய ஆசை. ஆராய்ச்சியும் பிடிக்கும். எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பறவைகளைக் காட்டுவதும் பிடிக்கும். மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? வீட்டில் பேசாமல் பி.எட். முடித்துவிடு என்கிறார்கள். அப்பாவிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. இதுவரை காட்டுக்குள் ஒருமுறைகூடப் போனதில்லை. எங்கே தொடங்குவது?"

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். காட்டுக்குள் போனதில்லை என்பது ஒரு குறையே இல்லை. திண்டிவனத்தில் பேருந்து ஏறினால் மரக்காணம் எவ்வளவு தூரம்? அங்கே உப்பளங்களைத் தாண்டினால் கழுவெளி. பழவேற்காட்டுக்கு அடுத்து தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி என்று அதைச் சொல்வார்கள். 2021 டிசம்பரில் அதைப் பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் பறவைகள் வலசை வந்து இறங்கும் இடம் உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முதுமலைக்கும் களக்காட்டுக்கும் அப்புறம் போகலாம்.

மூன்றில் எது என்ற கேள்விக்கு வருகிறேன். இப்போதைக்கு எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒரே ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, அங்கே மூன்றையும் சேர்த்து இரண்டு வருடம் செய்யுங்கள். விண்ணப்பப் படிவங்களில் இவை தனித்தனிக் கட்டங்களாகத்தான் இருக்கின்றன. களத்தில் அப்படிப் பிரித்து யாரும் வேலை செய்து நான் பார்த்ததில்லை. எனக்கு இது எங்கே புரிந்தது என்று சொன்னால் உங்களுக்கும் புரியும்.

சென்னையில் கல்லூரியில் படித்த காலம். 2006 ஜனவரியில் ஒரு தோழி என்னை இழுத்துக்கொண்டு போய் ஆமை நடையில் சேர்த்துவிட்டாள். 1970களின் தொடக்கத்தில் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரும் நண்பர்களும் சென்னைக் கடற்கரையில் இரவு முழுக்க நடந்து கடலாமை முட்டைகளைத் தேடத் தொடங்கினார்கள். பிறகு வேறு சில அமைப்புகள் அந்த வேலையைச் செய்தன. 1988இல் கல்லூரி மாணவர்கள் தாங்களே எடுத்துக்கொண்டு நடத்த ஆரம்பித்தார்கள். மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு, எஸ்எஸ்டிசிஎன் என்று சொல்வார்கள். இன்றுவரை அது நடக்கிறது. நடப்பவர்கள் பெரும்பாலும் உங்களைப் போலப் படித்துக்கொண்டிருப்பவர்கள், அல்லது பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள்.

நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் நீலாங்கரையில் கிளம்பி பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர். டார்ச் அடிக்கக் கூடாது, வெளிச்சம் பட்டால் கரையேறும் ஆமை திரும்பிப் போய்விடும். அலை நனைத்த மணலையும் காய்ந்த மணலையும் பிரிக்கும் கோட்டை ஒட்டியே நடக்க வேண்டும். டிராக்டர் டயர் உருண்ட மாதிரி ஒரு தடம் கடலிலிருந்து மேலே ஏறி, மறுபடி கடலுக்கே திரும்பியிருக்கும். ஆமை கிளறிய இடத்தில் மெல்லிய கம்பியை அழுத்திப் பார்ப்பார்கள். ஓரிடத்தில் மணல் திடீரென்று இளகும், அங்கேதான் முட்டை. பிறகு கையால் தோண்ட வேண்டும். முழங்கை வரை உள்ளே போனதும் விரல் நுனியில் முதல் முட்டை படும். பிங்பாங் பந்து அளவு, ஆனால் அழுத்தினால் குழியும் தோல். ஒரு குழியில் 100, 120 இருக்கும். எண்ணிக்கொண்டே எடுத்துப் பையில் வைத்து, குழியின் ஆழத்தை அளந்து, அதே ஈர மணலையும் கொஞ்சம் சேர்த்து எடுத்துக்கொண்டு, விடிவதற்குள் பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்குத் தோண்டிப் புதைக்க வேண்டும். சில மணி நேரத்துக்குள் இதைச் செய்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால் கரு முட்டையின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும், அப்போது முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். ஒவ்வொரு குழிக்கும் ஓர் அட்டை: தேதி, எடுத்த இடம், முட்டை எண்ணிக்கை. 45 நாளோ 50 நாளோ கழித்துக் குஞ்சுகள் மேலே வரும்போது, எத்தனை வந்தன, எத்தனை பொரியவே இல்லை என்று குழியைத் தோண்டி ஓடுகளை எண்ணிப் பதிவேட்டில் எழுதுவார்கள்.

பங்குனி ஆமை என்று நம் மீனவர்கள் அழைக்கும் ஆலிவ் ரிட்லிதான் இது. நாங்கள் நடந்த இரவுகளில் எங்களோடு பொதுமக்களும் வருவார்கள். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அப்பா அம்மாக்கள் வருவார்கள். மணலில் உட்கார வைத்து அவர்களுக்கு ஆமையைப் பற்றிச் சொல்வது எங்களில் ஒருவருடைய பொறுப்பு. இப்போது நீங்களே பாருங்கள். முட்டையை இடம் மாற்றியது பாதுகாப்பு. பதிவேட்டில் எழுதியது ஆராய்ச்சி. மணலில் உட்கார்ந்து பேசியது கல்வி. மூன்றும் ஒரே இரவில், ஒரே ஆட்கள் செய்தவை. அந்தப் பதிவேடு இல்லாவிட்டால் பொரிப்பகம் நன்றாக நடக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பேச்சு இல்லாவிட்டால் அடுத்த வருடம் நடக்க ஆள் கிடைக்காது.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. கடலாமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. 29, 30 டிகிரிக்கு மேலே போனால் பெண்கள் அதிகம், குறைந்தால் ஆண்கள் அதிகம். அப்படியானால் நிழல் இல்லாத பொரிப்பகத்தில் முட்டைகளை வைத்தால் என்ன ஆகும்? எண்ணிக்கையில் நிறையக் குஞ்சுகளைக் கடலில் விட்டிருப்போம், ஆனால் எல்லாம் பெண்ணாக இருக்கலாம். முட்டையை எடுத்தால் பாதுகாப்பு என்று மட்டும் நினைத்திருந்த எனக்கு, மணலில் தெர்மாமீட்டர் வைக்க வேண்டும் என்ற எண்ணமே ஆமை நடைக்குப் போன இரண்டாம் வருடத்தில்தான் வந்தது. நல்ல மனசோடு செய்கிற வேலையும் தவறான திசையில் போகலாம், அதைக் கண்டுபிடிக்க அளவீடு வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஆமைக்கு நுரையீரல்தான், மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் மாட்டிக்கொண்டு மேலே வர முடியாமல் போனால் மூழ்கிச் சாகும். ஒரு குழி முட்டையை நாம் கவனமாகப் பொத்திப் பாதுகாக்கும் அதே வாரத்தில், முட்டையிட வந்த தாய்கள் கடலிலேயே சாகின்றன. வலையில் சிக்கிய ஆமை வெளியேற ஒரு கருவியைப் பொருத்தலாம், கரையை ஒட்டிய கடலில் இழுவலை போடாமல் இருக்கலாம். இதையெல்லாம் மீனவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் பிடிப்பு குறைந்துவிடும் என்று அஞ்சுவதைக் காதுகொடுத்துக் கேட்டுப் பேச வேண்டும். விலங்கியல் பாடத்தில் இதற்கு ஒரு தாளும் கிடையாது. ஆனால் பாதுகாப்பு வேலையில் பாதிக்கு மேல் இதுதான்.

சரி, உங்கள் கழுவெளிக்கு வருகிறேன். அங்கே என்ன செய்வது?

என் ஊர் ஏரியில் நான் செய்த தவறிலிருந்து தொடங்குகிறேன். இளங்கலை முடித்த வருடம் ஒவ்வொரு ஞாயிறும் போய் நீர்ப்பறவைகளை எண்ணினேன். டிசம்பரில் ஒரு நாள் 900 பறவை. அடுத்த டிசம்பரில் 60. மனம் உடைந்துபோனது. ஏரி செத்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு கட்டுரையே எழுதிவிட்டேன். எனக்குத் தெரிந்த ஒரு பேராசிரியரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இரண்டு நாளும் தண்ணீர் எவ்வளவு இருந்தது?" என்னிடம் பதில் இல்லை. முதல் வருடம் மழை குறைவு, தண்ணீர் கணுக்கால் அளவு, வாத்துகளும் உள்ளான்களும் இறங்கி மேய வசதி. இரண்டாம் வருடம் ஏரி நிரம்பித் தளும்பியது, சிறு பறவைகள் இறங்க இடமில்லை, பக்கத்து ஏரிக்குப் போயிருக்கும். அல்லது நிஜமாகவே குறைந்திருக்கும். எது உண்மை என்று சொல்ல என் குறிப்பேட்டில் ஒரு வரிகூட இல்லை. ஒரு வருட உழைப்பு அப்படியே பயன்படாமல் போனது.

அதனால் நீங்கள் இப்படிச் செய்யுங்கள். ஏரிக்கரையில் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள். எப்போதும் அதே மூன்று. வாரத்தில் ஒரு நாள், காலை அதே நேரத்தில், ஒவ்வோர் இடத்திலும் இருபது நிமிடம். என்ன பறவை, எத்தனை என்று எழுதுவதற்கு முன்னால் தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், காற்று, வெயிலா மேகமா, தண்ணீர் எதுவரை என்று எழுத வேண்டும். மதகுச் சுவரிலோ நிலையாக நிற்கும் ஒரு கல்லிலோ உங்களுக்கு ஓர் அடையாளம் இருந்தால் போதும். ஆடு மாடு மேய்ந்ததா, படகு போனதா, யாராவது வலை போட்டார்களா என்பதும் வேண்டும். ஒன்றுமே பார்க்காத நாளில் "பூஜ்யம்" என்று எழுதுங்கள். பூஜ்யத்தை எழுதாமல் விடுவதுதான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. நீங்கள் போகாத நாளுக்கும் போய்ப் பறவை இல்லாத நாளுக்கும் அப்புறம் வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது ஆரம்பித்தால் நல்லது. தண்ணீர் ஏறுவதும், வலசைப் பறவைகள் வந்து சேர்வதும், மார்ச் ஏப்ரலில் தண்ணீர் வற்ற வற்ற அவை கிளம்புவதும் ஒரு முழுச் சுற்றாகக் கிடைக்கும். அப்படி இரண்டு சுற்று. பார்த்ததைப் பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் ஈபேர்ட் தளத்தில் ஏற்றிவிடுங்கள், அது இலவசம், உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் சேருங்கள். வனத்துறை நடத்தும் ஒருங்கிணைந்த நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலர்களைக் கூப்பிடுவார்கள், மாவட்ட வன அலுவலகத்தில் பெயரைக் கொடுத்து வையுங்கள். தெற்கே தாமிரபரணிக் குளங்களில் மணிமுத்தாறு அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் ஒவ்வொரு ஜனவரியும் நீர்ப்பறவைகளை எண்ணி வருகிறது. எண்ணுகிறவர்களில் நிறையப் பேர் கல்லூரி மாணவர்களும் உள்ளூர்க்காரர்களும்தான். ஒருமுறை போய் அவர்கள் எப்படிக் குழு பிரிக்கிறார்கள், எப்படிப் படிவம் நிரப்புகிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

பைனாகுலர் இல்லை என்று தயங்காதீர்கள். முதல் ஆறு மாதம் கூழைக்கடா, பூநாரை, நத்தைகுத்தி நாரை, மடையான் போன்ற பெரிய பறவைகளைக் கண்ணாலேயே எண்ணலாம். பிறகு 8x40 அல்லது 8x42 என்று எழுதியிருக்கும் சாதாரணமான ஒன்று போதும். கேமராவை இப்போதைக்கு வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. கேமரா கையில் இருந்தால் கண் அழகான பறவையைத்தான் தேடும், எண்ண வேண்டியதை விட்டுவிடும்.

கூடவே வீட்டில் உட்கார்ந்து செய்ய ஒரு வேலை. புள்ளியியல். இரண்டாம் ஆண்டில் உயிர்ப்புள்ளியியல் தாளைத் தேர்வுக்காகப் படித்து மறந்திருப்பீர்கள். மறுபடி எடுங்கள். ஆர் என்ற மென்பொருளும் வரைபடம் போட கியூஜிஐஎஸ்ஸும் இலவசம். உங்கள் சொந்த எண்ணிக்கையை வைத்துப் பழகினால் ஒரு மாதத்தில் பிடிபடும், வேறு யாருடைய எண்ணையோ வைத்துப் பழகினால் வருடமானாலும் வராது. முதுகலை நேர்காணலில் இந்த ஒரு திறமை உங்களைத் தனியாகக் காட்டும்.

இனி பிள்ளைகள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல்முதலாக ஓர் அரசுப் பள்ளியில் பேசப் போனபோது சிங்கம், பனிக்கரடி, பென்குயின் என்று நாற்பது படங்களைத் திரையில் காட்டினேன். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரத்தில் பின்வரிசை தூங்கிவிட்டது. அடுத்த வாரம் ஆசிரியரிடம் கேட்டு, படம் எதுவும் இல்லாமல் பள்ளிக்குப் பின்னாலிருந்த குளத்துக்கு ஏழாம் வகுப்பைக் கூட்டிப்போனேன். கரையில் ஒரு பறவை அசையாமல் நின்றது. "இது என்ன நிறம்?" என்றேன். மண் நிறம் என்றார்கள். ஒரு பையன் கை தட்டினான். பறவை எழுந்து பறந்தது, சிறகு முழுக்க வெள்ளை! அத்தனை பேரும் கத்திவிட்டார்கள். உட்கார்ந்தால் மண், பறந்தால் பால். அது ஏன் அப்படி என்று அவர்களே பேச ஆரம்பித்தார்கள். மேலிருந்து பார்க்கும் பருந்துக்குத் தெரியாமல் இருக்க என்றாள் ஒருத்தி. மீனுக்குத் தெரியாமல் இருக்க என்றான் ஒருவன். பெயர் என்ன என்று நான் சொல்வதற்குள், "மடையான் அக்கா, மடையிலேயே நிற்கும்ல" என்றான் கை தட்டிய பையன். அவனுக்குப் பெயர் தெரியும், எங்கே நிற்கும் என்று தெரியும், எப்போது மீன் கொத்தும் என்று தெரியும். சிறகுக்கு உள்ளே வெள்ளை என்பதை மட்டும் அன்றுதான் கவனித்திருக்கிறான். நான் அன்று செய்ததெல்லாம், தினமும் பார்த்ததை இன்னொருமுறை பார்க்க வைத்தது மட்டும்தான்.

1991லேயே சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயப் பாடமாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டுவிட்டது. பாடப்புத்தகத்தில் ஓசோன் படலம் இருக்கிறது, புலி இருக்கிறது. பள்ளிக்குப் பின்னாலிருக்கும் குளம் இருக்காது. அந்த இடைவெளியை நிரப்ப ஆசிரியர்களுக்கு ஆசை இருந்தாலும் நேரம் இல்லை. நீங்கள் போய் நின்றால் பெரும்பாலான தலைமையாசிரியர்கள் மகிழ்ச்சியோடு இடம் தருவார்கள். பள்ளியில் தேசிய பசுமைப் படை என்ற சுற்றுச்சூழல் மன்றம் இருக்கும், அதற்கு ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார், அவரைப் பிடியுங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் மாவட்டக் கிளையையும் பிடியுங்கள். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஆய்வு செய்யும் பிள்ளைகளுக்கு வழிகாட்ட அவர்களுக்கு எப்போதும் ஆள் தேவை. கழுவெளியில் நீங்கள் எண்ணுவதையே ஐந்து பிள்ளைகள் சேர்ந்து ஒரு சின்ன ஆய்வாகச் செய்யலாம்.

சில விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். தலைமையாசிரியரின் எழுத்து அனுமதியும் பெற்றோர் சம்மதமும் இல்லாமல் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகாதீர்கள். நீர்நிலைக்குப் போனால் பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவராவது கூட இருக்க வேண்டும். கூட்டைக் காட்டக் கூடாது, கூட்டின் படத்தை எங்கேயும் போடக் கூடாது. பாம்பைக் கையில் பிடித்து வித்தை காட்டி வகுப்பெடுக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது சட்டத்துக்கும் விரோதம், உயிருக்கும் ஆபத்து. பார்க்கிற பிள்ளை மறுநாள் அதையே செய்து பார்க்கும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் படத்தில் அடையாளம் காட்டி, இரவில் டார்ச் இல்லாமல் நடக்காதே, கடித்தால் நேரே அரசு மருத்துவமனைக்குப் போ என்று சொல்லிக்கொடுத்தால் அது ஓர் உயிரைக் காப்பாற்றும். உங்கள் மாவட்டத்தில் வயலில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் அதிகம், அவர்களுக்கு நீங்கள் எடுக்கும் மிக முக்கியமான வகுப்பு இதுவாகத்தான் இருக்கும்.

பாம்பு என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் பகுதியில் இருளர் குடும்பங்கள் நிறைய. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிறது. நம் நாட்டில் பாம்புக்கடிக்குப் போடும் மருந்து தயாராகும் நஞ்சில் பெரும்பங்கு அவர்கள் எடுத்துக் கொடுப்பது. அந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போனார்கள். அங்கே பெருகித் தொல்லை தரும் மலைப்பாம்புகளைப் பிடிக்க அங்குள்ள ஆய்வாளர்கள் அழைத்திருந்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. மண்ணில் கிடக்கும் தடத்தைப் பார்த்து எந்தப் பாம்பு, எப்போது போனது என்று சொல்லும் அறிவு எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காது. களத்தில் உங்களுக்கு வழிகாட்டுகிறவர் இருளராகவோ, மீனவராகவோ, வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலராகவோ இருப்பார். அவர் சொன்னதை எழுதும்போது அவர் பெயரைச் சேர்த்து எழுதுங்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இந்தப் பெயர்கள் விடுபட்டுப்போவது நம் துறையின் பெரிய அநியாயம் என்று நினைக்கிறேன்.

முதுகலைக்கு எங்கே? காட்டுயிர் உயிரியல் தனிப் படிப்பாக மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் உதகை அரசு கலைக் கல்லூரியிலும் இருக்கிறது. நல்ல களப்பணியாளர்கள் பலர் அந்த இரண்டு இடங்களிலிருந்தும் வந்திருக்கிறார்கள், கட்டணமும் தாங்கும். உங்களுக்குப் பக்கத்தில் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சூழலியல் துறை. கடல்மேல் ஆசை இருந்தால் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். நாட்டளவில் டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனமும், பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையம் (என்சிபிஎஸ்) நடத்தும் காட்டுயிர் முதுகலைப் படிப்பும் பெயர் பெற்றவை. இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு, நேர்காணல் உண்டு, எடுக்கும் இடம் மிகக் குறைவு. பெங்களூரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் சேர்க்கை. ஆங்கிலத்தில் பேச வராது என்று பயந்து விண்ணப்பிக்காமலே விட்டவர்களை எனக்குத் தெரியும். இரண்டு வருடக் குறிப்பேட்டோடு போகிறவரிடம் நேர்காணலில் கேட்பது அந்தக் குறிப்பேட்டைப் பற்றித்தான். நீங்களே பார்த்து எழுதியதைச் சொல்ல உங்களுக்குத் தெரிந்த ஆங்கிலம் போதும்.

படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் ஒரு வருடம் ஏதாவது ஆய்வுத் திட்டத்தில் களப்பணி உதவியாளராக இருப்பது நல்லது. வால்பாறையில் மழைக்காட்டை மீட்டெடுக்கும் வேலையும் யானை வரும் செய்தியை மக்களுக்கு முன்கூட்டியே சொல்லும் வேலையும் செய்துவரும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன், கோத்தகிரியின் கீஸ்டோன் அறக்கட்டளை, ஆனைகட்டியில் சலீம் அலி பெயரில் இருக்கும் பறவையியல் மையம் போன்ற இடங்களில் அவ்வப்போது ஆள் எடுப்பார்கள். மின்னஞ்சல் அனுப்பும்போது "எனக்குச் சிறுவயது முதலே இயற்கைமேல் ஆர்வம்" என்று தொடங்காதீர்கள். "கழுவெளியில் 14 மாதமாக மூன்று இடங்களில் வாரம் ஒருமுறை எண்ணி வருகிறேன், அட்டவணை இணைத்துள்ளேன்" என்று தொடங்குங்கள்.

பணத்தைப் பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். முதல் நான்கைந்து வருடம் கையில் அதிகம் நிற்காது. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஜேஆர்எஃப், அதாவது இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை, வாங்கிவிட்டால் நிலைமை மாறும், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, வீட்டு வாடகைப் படி தனி. அதனால் முதுகலை இரண்டாம் ஆண்டிலிருந்தே நெட்டுக்குப் படியுங்கள். வனத்துறைக்குள் போக நினைத்தால் விலங்கியல் பட்டத்தோடு இந்திய வனப் பணித் தேர்வு (ஐஎஃப்எஸ்) எழுதலாம், டிஎன்பிஎஸ்சி நடத்தும் உதவி வனப் பாதுகாவலர் தேர்வும் இருக்கிறது. அதுவும் பாதுகாப்பு வேலைதான்.

சம்பளமே இல்லாமல் உழைக்கக் கூப்பிடுவார்கள். நான் ஆறு மாதம் ஒரு திட்டத்தில் அப்படி வேலை செய்தேன், தங்குமிடத்துக்கும் என் பணம்தான். கட்டுரை வந்தபோது நன்றி சொல்லும் பத்தியில்கூட என் பெயர் இல்லை. அதனால் சேர்வதற்கு முன் எழுத்தில் கேளுங்கள். சாப்பாடு, தங்குமிடம், பயணம், விபத்துக் காப்பீடு யார் பொறுப்பு? நான் சேகரிக்கும் தரவில் என் பெயர் எப்படி வரும்? இதைக் கேட்டால் கோபப்படுகிறவரிடம் வேலை செய்ய வேண்டாம்.

பெண் என்பதால் இன்னும் சில கேள்விகள். முகாமில் வேறு பெண்கள் இருக்கிறார்களா, கழிப்பறை உண்டா, கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, மாதவிடாய் நாளில் லைன் (கணக்கெடுப்புக்கு நடக்கும் நேர்கோட்டுப் பாதை) நடக்க முடியாவிட்டால் என்ன ஏற்பாடு, ஏதாவது நடந்தால் யாரிடம் புகார் செய்வது? வெட்கப்படாமல் கேளுங்கள். கழுவெளிக்கும் தனியாகப் போக வேண்டாம். ஒரு தோழியைப் பழக்குங்கள், ஒருவர் எண்ண ஒருவர் எழுத, எண்ணிக்கையும் சரியாக வரும்.

சட்டத்தைப் பற்றி ஒரே ஒரு குறிப்பு. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி சரணாலயத்துக்குள் ஆய்வு செய்யவும், பட்டியலில் உள்ள உயிரினங்களைத் தொடவும் பிடிக்கவும் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும். கரையில் பொதுவழியில் நின்று பறவை எண்ணுவதற்கும் முதலில் வனச்சரகரைப் பார்த்து, யார், என்ன செய்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். ஆமை முட்டையை நல்லெண்ணத்தில்கூட நீங்களாக எடுக்கக் கூடாது. நாங்கள் எடுத்தது வனத்துறை அனுமதியோடு நடந்த வேலை.

பி.எட். விஷயத்தில் உங்கள் வீட்டாரோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஓர் ஏரிக்குப் பக்கத்தில் இருபது வருடம் வேலை செய்தால், ஆய்வாளர் யாருக்கும் கிடைக்காத நீண்ட பதிவு அவருக்குக் கிடைக்கும், அதோடு ஆயிரக்கணக்கான பிள்ளைகளும். தோற்றுப்போய் ஆசிரியரானேன் என்ற எண்ணத்தோடு போவதாக இருந்தால் வேண்டாம். விருப்பத்தோடு போவதாக இருந்தால் அதுவும் இந்தத் துறைக்குள் வரும் வழிதான். ஆனால் இந்த வருடமே முடிவு செய்ய வேண்டியதில்லை. அப்பாவிடம் இரண்டு வருடம் கேளுங்கள். முதுகலைக்கு இரண்டு வருடம், கழுவெளிக்கும் அதே இரண்டு வருடம், அதற்குள் ஒரு நெட் முயற்சி. கணக்காகச் சொன்னால் பெரும்பாலான அப்பாக்கள் கேட்பார்கள்.

கேட்காவிட்டால், ஒரு சனிக்கிழமை காலை அவரையும் கூட்டிக்கொண்டு மரக்காணம் போங்கள். பறவைகளைக் காட்டுவதற்கு முன்னால், அவர் சின்ன வயதில் கழுவெளியில் எந்த மாதம் வரை தண்ணீர் நின்றது, அப்போது என்னென்ன மீன் கிடைத்தது என்று கேளுங்கள். அவர் சொல்வதைத் தேதி போட்டு, அவர் பெயரையும் போட்டு, குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.